எச்.ஐ.வி. தொற்றுள்ள தாயின் குழந்தையும் தட்டம்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் தாய்மார்கள், அவர்களுடைய குடும்பத்தார், அந்தக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் செவிலியர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். தாய் தரும் தட்டம்மைப் பாதுகாப்பு இந்தக் குழந்தைகளுக்குச் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. ஆனால் தடுப்பூசி அட்டவணை பொதுவாக எல்லாக் குழந்தைகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. இடையில் விழும் அந்த இடைவெளியை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கீழே வரும் பதில்களின் மையம்.

தாயிடமிருந்து குழந்தைக்குத் தட்டம்மைப் பாதுகாப்பு எப்படி வருகிறது?

பிறந்த குழந்தையின் உடலில் தட்டம்மைக்கு எதிராகச் சொந்தமாக எதுவும் இருக்காது. இருப்பதெல்லாம் தாய் கொடுத்தது. தாய்க்கு முன்பு தட்டம்மை வந்திருந்தாலோ, தடுப்பூசி போட்டிருந்தாலோ அவருடைய ரத்தத்தில் தட்டம்மைக்கான எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, இருக்கும். அவற்றில் ஐஜிஜி வகை மட்டுமே நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குச் செல்லும். அது தானாகக் கசிந்து போவதில்லை. நஞ்சுக்கொடியின் வெளிப்படலத்தில் உள்ள எஃப்.சி.ஆர்.என். என்ற ஏற்பி ஒவ்வொரு ஐஜிஜி மூலக்கூறையும் பிடித்து மறுபக்கம் கொண்டுபோய் விடுகிறது.

ஏறத்தாழ 13-ஆம் வாரத்தில் இது தொடங்கினாலும், பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் கடக்கிறது. 28 முதல் 32 வாரங்களில் குழந்தையின் ஐஜிஜி அளவு தாயின் அளவில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். நிறைமாதத்தில் அது தாயின் அளவுக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ ஆகிவிடும். அதனால்தான் குறைமாதக் குழந்தைகள் குறைந்த கையிருப்போடு பிறக்கிறார்கள்.

எச்.ஐ.வி. இதில் எங்கே குறுக்கிடுகிறது?

மூன்று இடங்களில்.

முதலாவது, தாயின் கையிருப்பு. எதிர்ப்பொருளைத் தயாரிப்பவை பி செல்கள். அவற்றில் பழைய நோயையோ ஊசியையோ நினைவில் வைத்திருக்கும் நினைவு பி செல்களை எச்.ஐ.வி. சிதைக்கிறது. பழைய தடுப்பூசியாலோ பழைய நோயாலோ உண்டான எதிர்ப்பொருள் அளவு அதனால் குறையக்கூடும். குழந்தைப் பருவத்திலேயே எச்.ஐ.வி. தொற்றோடு வளர்ந்து இப்போது தாயாகியிருக்கும் பெண்களிடம் இந்தக் குறைவை அதிகம் எதிர்பார்க்கலாம். சிறுவயதில் போட்ட தட்டம்மை ஊசி அவர்களிடம் சரியாகப் பதிந்திருக்காது, அல்லது பதிந்தது தங்கியிருக்காது.

இரண்டாவது, கடத்தல். எச்.ஐ.வி. தொற்று பி செல்களைக் கண்டபடி தூண்டிவிடுவதால் தாயின் ரத்தத்தில் மொத்த ஐஜிஜி மிக அதிகமாகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி எந்தக் குறிப்பிட்ட நோய்க்கும் பயன்படாதது. ஏற்பிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. பயனற்ற ஐஜிஜி அவற்றை நிரப்பிவிட்டால், தட்டம்மைக்கான ஐஜிஜிக்கு இடம் குறைகிறது. தாயிடம் போதிய எதிர்ப்பொருள் இருந்தும் குழந்தைக்குக் குறைவாகச் சேர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நஞ்சுக்கொடியில் மலேரியா தொற்றும் சேர்ந்திருந்தால் கடத்தல் இன்னும் குறையும். மலாவியில் 1990-களில் நடந்த ஆய்வுகள் இந்த இரண்டின் பாதிப்பையும் காட்டின.

மூன்றாவது, பிரசவ நேரம். எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்குக் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் அதிகம். கடத்தல் உச்சத்தில் நடக்கவேண்டிய கடைசி வாரங்களே அந்தக் குழந்தைக்குக் கிடைக்காமல் போகின்றன.

கவனிக்க: இவை அனைத்தும் எச்.ஐ.வி. தொற்றாத குழந்தைக்கும் பொருந்தும். தாய் மருந்து எடுத்துக்கொண்டதால் குழந்தை எச்.ஐ.வி.யிலிருந்து தப்பியிருக்கலாம். ஆனாலும் எதிர்ப்பொருள் கையிருப்பில் அந்தக் குழந்தை பின்தங்கியே பிறந்திருக்கும். கென்யா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளில் செய்த ஆய்வுகளில், தொற்றாத இந்தக் குழந்தைகளிடமும் தட்டம்மை உட்படப் பல நோய்களுக்கான தாய்வழி எதிர்ப்பொருள் குறைந்தே காணப்பட்டது.

அந்தப் பாதுகாப்பு எத்தனை மாதம் நிற்கும்?

பிறக்கும்போது இருந்த அளவைப் பொறுத்தது. கணக்கு எளிது, அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும்.

குழந்தையால் தாயின் ஐஜிஜியை உற்பத்தி செய்ய முடியாது, அழிவது மட்டுமே நடக்கும். தட்டம்மை எதிர்ப்பொருள் ஒன்று முதல் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். ரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 120 மில்லி சர்வதேச அலகு இருந்தால் பாதுகாப்பு உண்டு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. 1,920 அலகோடு பிறந்த குழந்தை அந்த எல்லையைத் தொட 24 வாரம் ஆகும். 960 அலகோடு பிறந்தால் 18 வாரம். 480 என்றால் 12 வாரம். பிறப்பு அளவு பாதியாகும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பில் ஆறு வாரம் குறைகிறது. இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. ஒவ்வொரு குழந்தையும் வேறு.

தட்டம்மை வந்து குணமான தாய்மார்களைவிடத் தடுப்பூசி மட்டும் போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு, எச்.ஐ.வி. இல்லாதபோதே, பாதுகாப்பு குறுகியது. பெல்ஜியத்தில் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், தடுப்பூசி போட்ட தாயின் குழந்தைக்கு எதிர்ப்பொருள் தீர்ந்த இடைநிலைக் காலம் ஏறத்தாழ ஒரு மாதம், நோய் வந்த தாயின் குழந்தைக்கு ஏறத்தாழ நான்கு மாதம். தடுப்பூசி பரவலான தலைமுறையில் எச்.ஐ.வி.யும் சேரும்போது, "ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தட்டம்மை வராது" என்ற பழைய நம்பிக்கையை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது.

120 என்ற எல்லை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக விடுதியில் தட்டம்மை பரவியபோது, அதற்குச் சற்று முன்பே ரத்ததானம் செய்திருந்த மாணவர்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அது 1990-இல் வெளியானது. 120-க்கு மேற்படாதவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் முழு நோய் வந்தது, அதற்கு மேல் இருந்தவர்களுக்கு அப்படி வரவில்லை. ஆனால் 120-க்குச் சற்று மேலே இருந்தவர்களில் சிலருக்கு லேசான அறிகுறிகள் இருந்தன. பிளேக் குறைப்பு முறை என்ற சோதனையில் அளந்த எண் அது. சாதாரண எலைசா சோதனையில் வரும் எண்ணை அப்படியே அதோடு ஒப்பிடக் கூடாது. குறைந்த அளவுகளில் எலைசா தவறவிடுவதும் உண்டு.

என் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது. அப்போதும் என் குழந்தைக்கு இந்தக் குறை வருமா?

வரலாம். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஏ.ஆர்.டி., அதாவது எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து, எடுத்துவந்தால் குழந்தைக்குப் பல வகையிலும் நன்மை உண்டு. மொத்த ஐஜிஜி குறைகிறது, நஞ்சுக்கொடி அழற்சி குறைகிறது, கடத்தல் மேம்பட வாய்ப்பிருக்கிறது. ஆனால் சி.டி.4 (எச்.ஐ.வி. அழிக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) எண்ணிக்கை உயர்ந்துவிட்டதால், அழிந்துபோன தட்டம்மை நினைவுச் செல்கள் தாமாகத் திரும்பிவிடுவதில்லை. மருந்து தொடங்கியபின் மறு தடுப்பூசி போடாதவரை தாயின் தட்டம்மை எதிர்ப்பொருள் தாழ்வாகவே இருக்கக்கூடும். ஆய்வுகளின் முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை, சிலவற்றில் வித்தியாசம் சிறியது, சிலவற்றில் பெரியது. எந்தக் குழந்தைக்கு எவ்வளவு குறைவு என்று பார்த்துச் சொல்ல முடியாததால்தான், தாயின் வைரஸ் அளவு என்னவாக இருந்தாலும் ஒரே வழிமுறையைப் பின்பற்றுகிறோம்.

15 மாதக் குழந்தைக்கு எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் சோதனை பாசிட்டிவ். தாயின் எதிர்ப்பொருள் அவ்வளவு காலம் இருக்குமென்றால், தட்டம்மைக்கானதும் இருக்குமே?

நல்ல கேள்வி. பதில் அளவில் இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ள தாயிடம் எச்.ஐ.வி.க்கான எதிர்ப்பொருள் மிக ஏராளம். சோதனையோ மிகச் சிறு அளவையும் கண்டுபிடிக்கும். அதனால் 18 மாதம்வரை அதன் எச்சம் தெரியலாம், குழந்தைக்குத் தொற்று இல்லாவிட்டாலும். ஆகவேதான் 18 மாதத்துக்கு முன் எதிர்ப்பொருள் சோதனையை நம்பாமல், வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்கிறார்கள். தட்டம்மையில் நமக்கு வேண்டியது எச்சம் அல்ல, பாதுகாக்கும் அளவு. இரண்டும் ஒரே வேகத்தில்தான் குறைகின்றன. தட்டம்மை எதிர்ப்பொருள் தாழ்வான இடத்தில் தொடங்கி, உயர்ந்த எல்லையைக் கடக்க வேண்டியிருப்பதால் சீக்கிரம் தோற்றுப்போகிறது.

தாய்ப்பால் மூலம் தட்டம்மைப் பாதுகாப்பு கிடைக்காதா?

இந்தக் குறையை ஈடுகட்டும் அளவுக்குக் கிடைக்காது. தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஐஜிஏ வகை. அது குடலின் உட்பரப்பில் வேலை செய்யும், குழந்தையின் ரத்தத்துக்குள் போய்ச் சேராது. வயிற்றுப்போக்கு, நிமோனியா போன்றவற்றைக் குறைப்பதால் தாய்ப்பாலின் அருமை சிறிதும் குறையவில்லை. தாய் மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டிருந்தால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் இணையுணவோடு குறைந்தது 12 மாதம்வரை, விரும்பினால் 24 மாதமோ அதற்கு மேலுமோ கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில நாடுகளின் வழிகாட்டுதல் வேறு, உங்கள் சிகிச்சை மையம் சொல்வதைக் கேளுங்கள். எப்படியிருந்தாலும், தாய்ப்பால் கொடுக்கிறோம் என்பதற்காகத் தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்படியானால் பிறந்தவுடனே தட்டம்மை ஊசி போட்டுவிடலாமே?

முடியாது, தாயின் எதிர்ப்பொருளே குறுக்கே நிற்கும். தட்டம்மை ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அது குழந்தையின் உடலில் கொஞ்சம் பெருகினால்தான் எதிர்ப்பு உருவாகும். தாயின் எதிர்ப்பொருள் இன்னும் இருந்தால், வைரஸ் பெருகும் முன்பே அதை முடக்கிவிடும். அது மட்டுமல்ல, எதிர்ப்பொருளோடு ஒட்டிய வைரஸ் குழந்தையின் பி செல்கள் மீதுள்ள தடுப்பு ஏற்பியைத் தட்டிவிட்டு, அவை எதிர்ப்பொருள் தயாரிப்பதையும் அடக்கும். இளம் குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் முதிராததும் சேர்ந்துகொள்கிறது. வைரஸைத் தாக்கும் டி செல்கள் ஓரளவு பழகிவிடுவது உண்டு, ஆனால் எதிர்ப்பொருள் போதாது.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான அலசலில், 4 மாதத்தில் ஊசி போட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பொருள் உருவானது. 5 மாதத்தில் 67, 6 மாதத்தில் 76, 8 மாதத்தில் 85 விழுக்காடு. 11, 12 மாதங்களில் 99 விழுக்காடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பழைய தொகுப்பு.

ஒருபக்கம் நோய் வரும் ஆபத்து, மறுபக்கம் ஊசி பலிக்காத ஆபத்து. எல்லாக் குழந்தைகளுக்குமான சமநிலை 9 மாதத்திலோ 12 மாதத்திலோ அமைகிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ள தாயின் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள் முன்பே தீர்வதால் அந்தச் சமநிலை 6 மாதத்துக்கு நகர்கிறது. இந்தக் குழந்தைக்கு எது குறையோ, அதுவே ஊசி முன்கூட்டியே பலிப்பதற்கும் வழிவிடுகிறது. தொற்றாத இந்தக் குழந்தைகள் 6 மாத ஊசிக்கு மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக எதிர்வினை காட்டுவதை மலாவியில் 6, 9 மாதங்களில் இரண்டு ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு உறுதிப்படுத்தியது.

சரியாக எப்போது, எத்தனை ஊசி?

உலக சுகாதார நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு நிலைப்பாட்டின்படி, எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைக்கும், எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கும் 6 மாதம் நிறைந்ததும் ஒரு கூடுதல் ஊசி. அதன்பின் அந்த நாட்டு அட்டவணைப்படி வரும் முதல் ஊசியும் இரண்டாம் ஊசியும் வழக்கம்போல. மொத்தம் மூன்று. இரு ஊசிகளுக்கு இடையில் குறைந்தது 4 வாரம் வேண்டும். அட்டவணை 6 மாதத்திலேயே தொடங்கும் நாடுகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 6, 12 மாதங்களில் போடுகிறார்கள். 2009 முதல் 2011 வரை அங்கே 18,000-க்கும் மேற்பட்டோருக்கு ஆய்வகத்தில் உறுதியான பெரும் தட்டம்மைப் பரவலில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

6 மாதத்தில் போட்ட ஊசியை முதல் ஊசியாகக் கணக்கிடலாமா?

கூடாது. நடைமுறையில் அதிகம் நேரும் தவறு இதுதான். அட்டையில் முதல் ஊசிக்கான கட்டத்தில் 6 மாதத் தேதியை எழுதிவிடுகிறார்கள். 9 மாதத்தில் வேறொரு செவிலியர் பார்க்கிறார், "போட்டாயிற்று" என்று அனுப்பிவிடுகிறார். 6 மாதத்தில் போட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஊசி பலிக்காமல் போயிருக்கும். அந்தக் குழந்தை இரண்டாம் வயதுவரை பாதுகாப்பு இல்லாமலே நடமாடும்.

எனவே 6 மாத ஊசியை "பூஜ்ஜிய டோஸ்" அல்லது "கூடுதல் டோஸ்" என்று தனியாக எழுதுங்கள். காரணத்தை அட்டையில் எழுத வேண்டியதில்லை. தாயின் நிலையைக் குடும்பத்தில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை, அட்டை பலர் கண்ணில் படும். தேதியும் டோஸ் பெயரும் போதும். அடுத்த ஊசிக்கான தேதியை அன்றே எழுதிக் கொடுத்து, தாயிடம் வாயாலும் சொல்லுங்கள்.

ஆறு மாதத்தில் தட்டம்மை ஊசி போட்டதால் பெண் குழந்தைகள் இறந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

அது வேறு ஊசி. வைரஸ் அளவைப் பல மடங்கு கூட்டித் தயாரித்த உயர் அளவுத் தட்டம்மைத் தடுப்பூசி அது. தாயின் எதிர்ப்பொருளை மீறி இளம் குழந்தைகளிடம் பலிக்கும் என்று எதிர்பார்த்து 1989-இல் பரிந்துரைத்தார்கள். செனகல், கினி-பிசாவ், ஹெய்ட்டி ஆகிய இடங்களில் அந்த ஊசி பெற்ற பெண் குழந்தைகளிடம் பிற்கால இறப்பு அதிகமாக இருந்தது தெரியவந்ததும் 1992-இல் அதைக் கைவிட்டார்கள். இன்று 6 மாதத்தில் போடுவது 9 மாதத்தில் போடும் அதே வழக்கமான ஊசி, அதே அளவு.

பி.சி.ஆர். முடிவு இன்னும் வரவில்லை. காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். நலமாக இருக்கும் குழந்தைக்கு 6 மாத ஊசியைப் பி.சி.ஆர். முடிவுக்காக நிறுத்தக் கூடாது. குழந்தைக்குத் தொற்று இருந்தால், நோய் எதிர்ப்பு இன்னும் கெடாத இந்த நேரமே ஊசிக்கு ஏற்றது. 6 மாத ஊசிக்கான இன்னொரு காரணமும் அதுதான்.

குழந்தைக்கு எச்.ஐ.வி. உறுதியாகிவிட்டது. உயிருள்ள வைரஸ் ஊசி ஆபத்தில்லையா?

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆபத்தில்லை, அவசியம். விலக்கு ஒன்று உண்டு: நோய் எதிர்ப்பு மிகக் கடுமையாகக் குறைந்த நிலை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையிடம் சி.டி.4 விழுக்காடு 15-க்குக் கீழே என்றால் பொதுவாக அப்படிக் கருதுகிறார்கள். பெரியவர்களுக்கு 200 செல்களுக்குக் கீழே. முற்றிய எய்ட்ஸ் நிலையில் ஊசி பெற்ற ஓர் இளைஞர், ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் ஊசி வைரஸால் உண்டான நுரையீரல் அழற்சியில் இறந்தது 1990-களில் அமெரிக்காவில் பதிவானது. அதன் பின்னரே இந்த எல்லை கண்டிப்பாக்கப்பட்டது. அப்படிப்பட்ட குழந்தைக்கு முதலில் ஏ.ஆர்.டி., எதிர்ப்பு மீண்டபின் ஊசி. சி.டி.4 சோதனைக்கு வழியில்லாத இடத்தில், குழந்தைக்குக் கடும் நோய்க்குறிகள் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்னால் ஊசி போடலாம்.

ஊசி போட்ட தொற்றுள்ள குழந்தைக்குப் பின்னாளில் மறுபடி வேண்டுமா?

வேண்டும், இதை அழுத்திச் சொல்கிறோம். இந்தக் குழந்தைகளிடம் பிரச்சினை ஊசி பலிக்காததைவிட, பலித்தது நிலைக்காததுதான். ஜாம்பியாவில் 2007-இல் வெளியான ஆய்வில், தொற்றுள்ள குழந்தைகளில் 88 விழுக்காட்டினர் ஊசிக்குப் பின் ஆறு மாதத்துக்குள் பாதுகாப்பு அளவை எட்டினர். 27 மாதம் கழித்து, உயிரோடிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடமே அது மிஞ்சியிருந்தது. அங்கே அப்போது ஏ.ஆர்.டி. பரவலாகக் கிடைக்காத காலம்.

மருந்து தொடங்கிச் சி.டி.4 விழுக்காடு 20 முதல் 25-ஐ எட்டியதும் இன்னொரு ஊசி போட வேண்டும். சி.டி.4 பார்க்க வழியில்லை என்றால், மருந்து தொடங்கி 6 முதல் 12 மாதத்தில். மருந்துக்கு முன் மூன்று ஊசி போட்டிருந்தாலும் இது வேண்டும். ஏ.ஆர்.டி. மையமும் தடுப்பூசி மையமும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் இந்த ஊசிதான் அதிகம் விட்டுப்போகிறது. மருந்து வாங்கப் போகும்போது நீங்களே கேட்டுவிடுங்கள்.

வீட்டிலோ காத்திருப்பு அறையிலோ தட்டம்மை உள்ள ஒருவரோடு குழந்தை இருந்துவிட்டது. என்ன செய்வது?

உடனே கடிகாரத்தைப் பாருங்கள். தட்டம்மை வந்தவர் தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்குவார், தோன்றி 4 நாள்வரை பரப்புவார். அவர் போனபின்னும் அந்த அறையின் காற்றில் இரண்டு மணி நேரம்வரை வைரஸ் நிற்கும். அதனால் "தொட்டுக்கூடப் பார்க்கவில்லை" என்பது பாதுகாப்பு ஆகாது. ஒரே வீட்டில் இருப்பவர் என்றால், தடிப்பு தெரிந்த நாளில் குழந்தைக்குத் தொடர்பு ஏற்பட்டு ஏற்கெனவே நான்கு நாள் ஆகியிருக்கும் என்று கணக்கிடுங்கள்.

6 மாதம் நிறைந்த, நோய் எதிர்ப்பு மோசமாகாத குழந்தை என்றால், முதல் தொடர்பிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தட்டம்மை ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ வாய்ப்பு உண்டு. 72 மணி நேரம் தாண்டிவிட்டது, ஆனால் 6 நாள் ஆகவில்லை என்றால் இம்யூனோகுளோபுலின், அதாவது பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆயத்த எதிர்ப்பொருள். 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஊசி பயன்படாது, இம்யூனோகுளோபுலின் மட்டுமே. தசையில் போடும் வகை, கிலோவுக்கு 0.5 மில்லி, அதிகபட்சம் 15 மில்லி. 4 கிலோ குழந்தைக்கு 2 மில்லி, 7 கிலோவுக்கு 3.5 மில்லி. சிறு தசையில் ஒரே இடத்தில் அவ்வளவும் செலுத்தாமல் இரு தொடைகளிலும் பிரித்துப் போடுவார்கள்.

எச்.ஐ.வி.யால் எதிர்ப்பு கடுமையாகக் குறைந்த குழந்தைக்கு முன்பு எத்தனை ஊசி போட்டிருந்தாலும் நரம்பு வழியாக இம்யூனோகுளோபுலின், கிலோவுக்கு 400 மில்லி கிராம். போட்ட ஊசியால் எதிர்ப்பு உருவாகியிருக்கும் என்று அந்தக் குழந்தையிடம் நம்பியிருக்க முடியாது.

மறக்கக் கூடாதவை இரண்டு. ஊசியையும் இம்யூனோகுளோபுலினையும் ஒன்றாகப் போட வேண்டாம், ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். இம்யூனோகுளோபுலின் பெற்ற குழந்தைக்குத் தட்டம்மை ஊசியைத் தசை வகைக்குப் பின் 6 மாதமும், நரம்பு வகைக்குப் பின் 8 மாதமும் தள்ள வேண்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் அதேபோல் மாதக்கணக்கில் தள்ள வேண்டியிருக்கும், செவிலியரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, இம்யூனோகுளோபுலின் நோய் வெளிப்படும் காலத்தை நீட்டக்கூடும். வழக்கமாக இரண்டு வாரத்தில் தெரிவது 28 நாள்வரை தள்ளிப்போகலாம், அதுவரை கண்காணிக்க வேண்டும்.

முதல் ஆறு மாதம் ஊசியும் இல்லை, தாயின் எதிர்ப்பொருளும் நிச்சயமில்லை. என்னதான் வழி?

குழந்தையைச் சுற்றியுள்ளவர்களுக்கு ஊசி. அண்ணன், அக்கா, அப்பா, பார்த்துக்கொள்ளும் பாட்டி, எல்லோருக்கும் தட்டம்மை ஊசி முழுமையாகியிருக்கிறதா என்று பிரசவத்துக்கு முன்பே பாருங்கள். அவர்கள் போட்டுக்கொண்ட தட்டம்மை ஊசியின் வைரஸ் குழந்தைக்குப் பரவும் என்று பயப்பட வேண்டாம். மருத்துவமனையில் காய்ச்சலும் தடிப்புமாக இருப்பவர்களோடு ஒரே அறையில் காத்திருக்க நேர்ந்தால், வெளியே நின்று முறை வந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள். பரவல் நடக்கும் பகுதி என்றால் கூட்டமான இடங்களுக்குக் குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள்.

தாய்க்கே ஊசி போட்டால் குழந்தைக்கு அதிக எதிர்ப்பொருள் போகுமே?

கர்ப்பத்தில் போடக் கூடாது, உயிருள்ள வைரஸ் ஊசி என்பதால். கர்ப்பத்துக்கு முன் போடலாம். சி.டி.4 எண்ணிக்கை 200-க்கு மேல் குறைந்தது ஆறு மாதமாக நிலையாக இருந்தால், 28 நாள் இடைவெளியில் இரண்டு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான) ஊசிகள். கடைசி ஊசிக்குப் பின் ஒரு மாதம் கருத்தரிப்பதைத் தள்ளிவைக்க வேண்டும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களிடம் ஏ.ஆர்.டி. மையங்கள் இதை எடுத்துச் சொன்னால் பெரும் உதவி. பிரசவத்துக்குப் பின் போட்டுக்கொள்வதும் நல்லது, தாய்ப்பால் கொடுப்பது தடையில்லை. பிறந்துவிட்ட குழந்தைக்கு அதனால் எதிர்ப்பொருள் கிடைக்காது, ஆனால் தாய்க்கு நோய் வந்து குழந்தைக்குத் தொற்றுவது நிற்கும்.

ஊசி மருந்தைக் கையாளும்போது எங்கே தவறு நேர்கிறது?

கலக்கும்போதும் கலந்தபின்னும். தூளாக வரும் ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். அதே தயாரிப்பாளர் தரும் கரைப்பானையே பயன்படுத்த வேண்டும், கலக்கும் முன் கரைப்பானும் குளிர்ந்திருக்க வேண்டும். வேறு கரைப்பான், அதிலும் பக்கத்தில் வைத்திருந்த வேறு மருந்து, தவறிக் கலந்து குழந்தைகள் இறந்த நிகழ்வுகள் உலகில் நடந்திருக்கின்றன. கலந்தபின் 20 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் பாதி வீரியம் போய்விடும், 37 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட எல்லாமே. கலந்து 6 மணி நேரத்தில், அல்லது முகாம் முடியும்போது, எது முன்னதோ அப்போது மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வைத்திருந்து மறுநாள் போட்டால் கிருமி வளர்ந்து உயிருக்கே ஆபத்து. அளவு 0.5 மில்லி, தோலுக்கு அடியில், மேற்கையிலோ தொடையிலோ.

பத்துப் பேருக்கான குப்பியை ஒரு குழந்தைக்காக உடைக்கத் தயங்கி, "அடுத்த வாரம் வாருங்கள்" என்று 6 மாதக் குழந்தையைத் திருப்பி அனுப்புவது இன்னொரு தவறு. இந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கு. வீணாவதைப் பொருட்படுத்தாமல் குப்பியை உடையுங்கள்.

ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால்?

ஊசி போட்ட 7 முதல் 12 நாளில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், சிலருக்கு லேசான தடிப்பு. ஓரிரு நாளில் அடங்கிவிடும். மூச்சுத்திணறல், வலிப்பு, பால் குடிக்காமை இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். கோட்ரைமாக்ஸசோல், நெவிராபின் போன்ற மருந்துகள் ஊசியைப் பாதிக்காது, நிறுத்தாதீர்கள்.

காசநோய்க்கான தோல் பரிசோதனையும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். முன்பா பின்பா?

ஊசி போடும் அதே நாளில் செய்யலாம், அல்லது 4 முதல் 6 வாரம் கழித்து. தட்டம்மை ஊசி அந்தப் பரிசோதனையின் எதிர்வினையைத் தற்காலிகமாக மங்கச் செய்யும், காசநோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடக்கூடும்.

ஊசிக்கு முன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்க்கலாமா?

தேவையில்லை. முடிவு எதுவானாலும் 6 மாதத்தில் ஊசி போடத்தான் போகிறோம். குழந்தைக்குக் குத்தலும், காத்திருப்பில் வீணாகும் நாட்களும்தான் மிச்சம்.

இந்தக் குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்தால் எப்படித் தெரியும்?

எச்.ஐ.வி. தொற்றில்லாத குழந்தைகளிடம் வழக்கம்போல்: காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண், பின்னர் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் தடிப்பு. எச்.ஐ.வி.யால் எதிர்ப்பு குன்றிய குழந்தையிடம் தடிப்பே வராமல் நேராக நிமோனியாவாக வெளிப்படலாம், அதனால் நோய் தெரியாமல் போகும். தடிப்பு என்பதே உடலின் டி செல்கள் வைரஸைத் தாக்குவதால் தோன்றுவது. அந்தச் செல்கள் குறைந்த குழந்தையிடம் அது வராதது நோய் லேசு என்பதன் அறிகுறி அல்ல. இவர்கள் வைரஸை நீண்ட நாள் வெளியேற்றவும் கூடும், தனிமைப்படுத்தலை 4 நாளோடு முடிக்காதீர்கள்.

தட்டம்மை என்று சந்தேகித்த எந்தக் குழந்தைக்கும் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். 6 மாதத்துக்குட்பட்டால் 50,000 அலகு, 6 முதல் 11 மாதம்வரை 1,00,000 அலகு, 12 மாதத்துக்கு மேல் 2,00,000 அலகு. கண்டறிந்த நாளில் ஒன்று, மறுநாள் ஒன்று. கண்ணில் வைட்டமின் குறைபாட்டின் அறிகுறி இருந்தால் 4 முதல் 6 வாரம் கழித்து மூன்றாவது. வேகமான மூச்சு, விலா உள்ளிழுத்தல், சோர்ந்து கிடத்தல், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். கிளம்பும் முன் தொலைபேசியில் தட்டம்மைச் சந்தேகம் என்று சொல்லிவிட்டால், மற்றக் குழந்தைகளோடு உட்காரவைக்காமல் தனி அறைக்கு அழைத்துப்போவார்கள்.